வாய்க்கால் முறையில் வந்த கொம்பியூட்டர்

வாய்க்கால் கட்டின்மேல் முதலில் போனவன் கோகுலன். அவனுடைய சைக்கிள் கரியரில், யூரியாப் பைக்குள் இறக்கி பழைய சைக்கிள் ரியூப் கீலங்களால் இறுக்கிக் கட்டிய இரும்புப் பெட்டி. அவனுக்குப் பின்னால் நான். என் சைக்கிள் ஹாண்டிலின் ஒரு பக்கம் கீபோர்ட், மறுபக்கம் வயர்கள் திணித்த சொப்பிங் பை. எனக்குப் பின்னால் என் தம்பி துசி, மண் அள்ளும் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டிலில் மொனிட்டரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்புறம் வீங்கிய பழைய குண்டு மொனிட்டர். தூசு படக்கூடாதென்று அம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்பால் போர்த்தியிருந்தோம். விரிப்பு விலகாமல் ஒரு கையால் பிடித்தபடி வண்டிலோடு கூடவே நடந்து வந்தவள் ரேவதி.

எதிரே சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் காலை ஊன்றி நின்றார். வெள்ளை விரிப்பைக் கண்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"என்ன பிள்ளையள், ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை ஐயா," என்றான் துசி, மூச்சு வாங்க. "ரேவதியக்கா வீட்டு முறை வந்திட்டுது. அதுதான் கொண்டு போறம்."

"முறையோ? வாய்க்கால் காஞ்செல்லோ கிடக்கு. இப்ப என்ன முறை?"

"தண்ணி முறை இல்லை ஐயா. கொம்பியூட்டர் முறை."

ஐயா இறங்கி வந்து விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். "அட, ரீவி!"

"ரீவி இல்லை!" என்று நாங்கள் நாலு பேரும் கத்திய கத்தலில், காய்ந்த வாய்க்காலுக்குள் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று துள்ளிக் கரையேறியது.

போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தேன். "நீர் கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளை, உமக்கேன் கிணறும் குளமும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் நான் என்ன செய்ய? எனக்குக் கொம்பியூட்டர் வந்து சேர்ந்ததே வாய்க்கால் வழியாகத்தான்.

நாலு பேர், மூன்று வீடு

எங்கள் ஒழுங்கை என்கிற சின்னத் தெரு உருத்திரபுரத்தில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வரும் கிளை வாய்க்கால் ஒன்றை ஒட்டிப் போகிறது. வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் கோகுலன் வீடு. நடுவில் எங்கள் வீடு. வாய்க்காலும் மெலிந்து, ஒழுங்கையும் மெலிந்து, கடைசிக் கரன்ட் கம்பம் நிற்கிற இடத்தில் ரேவதி வீடு.

கோகுலனின் அப்பா குகதாசன் மாமாதான் எங்கள் வாய்க்காலுக்குக் கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், பொறுப்பாளர். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு சொல்பவர். வீடு தலைப்பில் இருந்தாலும் அவருடைய நிலக்கடலை போட்ட கச்சான் தோட்டமும் கிணறும் ரேவதி வீட்டு வேலிக்கு அடுத்த பக்கம். ரேவதியின் அப்பா அந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்தார். அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியது. அதனால் ரேவதிக்கு வீட்டில் ஒரு தமிழ், எங்களோடு ஒரு தமிழ். கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

எனக்கு அப்போது பதின்மூன்றோ பதினாலோ. கிளிநொச்சி ரவுணில் ஒரு தனியார் கல்வி நிலையம் தன்னுடைய பழைய கணினிகளைக் கழித்துக் கட்டியது. அதை நடத்திய மாஸ்டர் அவற்றைக் கொட்டிலுக்குள் குவித்துவிட்டு, "விருப்பமானதைக் கழட்டிக்கொண்டு போங்கோ, எல்லாம் செத்ததுதான்," என்றார்.

செத்தது என்ற சொல்லில்தான் எங்களுக்கு ஆசை பிடித்தது.

மதர்போர்ட் எனப்படும் தாய்ப்பலகையும் மொனிட்டரும் நானும் துசியும் கிண்டி எடுத்தவை. கரன்ட்டை வாங்கி மற்ற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டி கோகுலனின் கண்டுபிடிப்பு. எல்லாம் இருந்தும், நினைவில் வைக்கிற ஹார்ட் டிஸ்க் மட்டும் அந்தக் குவியலில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. அதைக் கொண்டுவந்தவள் ரேவதி. வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்த அவளுடைய சித்தி, கேட்டு வாங்கி, பழைய சேலைத் துண்டில் சுற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார்.

கராம்பு வாசம்

பாகங்களைப் பூட்டுவது எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. அப்பாவின் போனில் வீடியோ ஓடும். ஓடி ஓடி, முக்கியமான இடத்தில் டேட்டா முடியும். மிச்சத்தை நாங்கள் ஊகித்தோம்.

மூளைச் சில்லுக்கும் அதன்மேல் உட்காரும் விசிறிக்கும் இடையில் ஒரு பசை பூச வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி நின்றுவிடும் என்பது வரைக்கும் வீடியோ சொன்னது. பசைக்கு எங்கே போவது? துசி ஓடிப்போய்ப் பற்பசைக் குழாயோடு வந்தான்.

"இதுவும் பசைதானே?"

சிரித்தோம். பிறகு வேறு வழியில்லாமல் பூசினோம். நம்பமாட்டீர்கள், வேலை செய்தது. சில வாரங்களில் காய்ந்து உதிர்ந்துவிடும், திரும்பப் பூச வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கராம்புப் பற்பசை பாவிப்போம். ஆகவே எங்கள் கணினி சூடாகும்போதெல்லாம் விறாந்தை முழுவதும் கராம்பு மணத்தது. இன்றைக்கும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குள் போனால், ஏன் இங்கே ஒன்றும் மணக்கவில்லை என்று எனக்கு ஒரு கணம் தோன்றும்.

ஆனால் முதல் தடவை சுவிச்சைப் போட்டபோது மணமும் வரவில்லை, சத்தமும் வரவில்லை.

உடனே வழக்குத் தொடங்கியது. "உன்ர மதர்போர்ட் செத்தது," என்றான் கோகுலன். "உன்ர பவர் சப்ளைதான் செத்தது," என்றேன் நான். ஆளுக்கு ஒரு பக்கம் வயர்களைப் பிடுங்கி மாற்றிக் குத்த, ரேவதி எங்கள் கைகளில் அடித்தாள்.

"ஒண்டை மட்டும் மாத்துங்கோ! எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினா பிறகு ஆர் குற்றவாளி எண்டு எப்பிடித் தெரியும்? ஒண்டை மாத்து, சுவிச்சைப் போடு, பார். இல்லையா, பழையபடி வை. பிறகு அடுத்தது."

"நீ என்ன பொலிஸோ?" என்றான் கோகுலன்.

"உங்களோட இருக்கிறதுக்குப் பொலிஸா இருந்தா நல்லம்."

அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு அவள் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. ஒவ்வொன்றாக மாற்றினோம். குற்றவாளி கடைசியில் ஒரு சின்ன வயர். முன்பக்கச் சுவிச்சிலிருந்து வருகிற வயரை நாங்கள் பக்கத்துக் கம்பியில் குத்தியிருந்தோம். அதைச் சரியான இடத்தில் குத்தியதும் விசிறி 'விர்ர்' என்று சுற்ற, துசி விறாந்தையிலிருந்து முற்றத்துக்குப் பாய்ந்து மூன்று சுற்று ஓடினான்.

நான் இன்று படிக்கிற பாடத்தில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது. பரீட்சையில் அந்தப் பெயரை எழுதும்போது ரேவதியின் அடிதான் கையில் உறைக்கும்.

தலைப்பிலிருந்து கடைசி வரை

சரி, ஓடுகிறது. யார் வீட்டில் வைப்பது?

பெரியவர்கள் என்றால் இந்த இடத்தில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கும். எங்களுக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான ஒன்றை எப்படிப் பங்கிடுவதென்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். முறை வைப்பார்கள். தலைப்பில் தொடங்கி, வரிசையாகக் கடைசிவரை போகும். தன் முறையில் தன் வயலுக்குப் பாய்ச்சலாம், மற்றவன் முறையில் வாய்க்கால் கதவைத் தொடக்கூடாது.

அப்படியே வைத்தோம். ஒரு வீட்டுக்கு ஒரு கிழமை, ஏழு நாள். முதலில் கோகுலன் வீடு, பிறகு நாங்கள், பிறகு ரேவதி. சாமான் தானாகப் பாயாது என்பதால் சைக்கிளும் தள்ளுவண்டிலும்.

எங்கள் அப்பா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தன்னுடைய இளந்தாரிக் காலத்துக்குப் போய்விட்டார். வன்னியில் வருசக்கணக்காகக் கரன்ட் இல்லாத காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடுமாம். "சுத்துறவன் களைச்சால் பாட்டும் களைக்கும். பாட்டுக்காரி இழுத்து இழுத்து, கடைசியில ஆம்பிளைக் குரலாகி நிப்பா," என்றார். நாங்கள் அப்போது சிரித்தோம். கரன்ட் என்பதும் களைக்கும் என்று எங்களுக்கு மூன்றாம் கிழமையே விளங்கப்போகிறதென்று யாருக்குத் தெரியும்?

சிவப்புச் சுவிச்

மாடு துள்ளிய ஊர்வலம் ரேவதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பின்னேரம். அவளுடைய அம்மா மேசையைத் துடைத்து, புதுச் சீலைத் துணி விரித்து வைத்திருந்தார். பூட்டினோம். சுவிச்சைப் போட்டோம். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி போட்டோம். மறுபடி அரைச் சுற்று.

தலைக்கு மேலே மஞ்சள் குண்டு பல்ப் பழுத்த பனங்காய்ச் சதையின் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே சிவந்த கம்பியை எண்ணலாம் போலிருந்தது.

"இங்கன அந்தி நேரம் கரண்ட்டு இப்பிடித்தான்," என்றார் ரேவதியின் அம்மா. "பொறவு வரும். டீ குடிங்க."

ரேவதி டீயைத் தொடவில்லை. எங்கள் வீட்டிலும் கோகுலன் வீட்டிலும் பாட்டுப் பாடிய பெட்டி அவள் வீட்டில் முனகிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் கோகுலன் பெட்டியின் பின்பக்கம் குனிந்து, "கண்டுபிடிச்சிட்டன்," என்றான். பவர் சப்ளையில் ஒரு சின்னச் சிவப்புச் சுவிச். ஒரு பக்கம் இருநூற்று முப்பது, மறுபக்கம் நூற்றுப் பதினைந்து என்று போட்டிருந்தது. "வேற நாடுகளில கரன்ட் பாதிதானாம். அதுக்குத்தான் இது. இஞ்சையும் இப்ப பாதிதானே வருது? தட்டிவிட்டாச் சரி."

இதைவிட நியாயமான பேச்சு உலகத்தில் இருக்க முடியுமா? தட்டினான். பெட்டி உயிர் பெற்றது. திரை ஒளிர்ந்தது, கராம்பு மணத்தது, ரேவதியின் அம்மா கன்னத்தில் கைவைத்துச் சிரித்தார். கோகுலன் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நாங்கள் அவனுக்குக் கை தட்டினோம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரேவதி கதிரையில் ஏறி உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். சற்றுநேரம் போனது. வெளியே, வேலிக்கு அப்பால், குகதாசன் மாமா தோட்டத்துக்கு இறைத்து முடித்து, கிணற்றடிக் கரன்ட் மோட்டரை நிறுத்தினார்.

பல்ப் பளிச்சென்று வெள்ளையாக எரிந்தது.

டமார்!

எங்கள் ஊரில் எதுவும் சும்மா வெடித்துவிட முடியாது. குசினியிலிருந்து வந்த வேகத்தில் ரேவதியின் அம்மா எங்கள் நாலு பேரையும் நிலத்தோடு அழுத்திப் படுக்க வைத்துவிட்டார். மாவு ஒட்டிய கை என் பிடரியில் இருந்தது. "எந்திரிக்காதீங்க! படுங்க, படுங்க!" வெளியே ஆட்கள் ஓடும் சத்தம், நாய்கள், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.

பெட்டியின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய புகை நூல் போல எழுந்தது. துசி நிலத்தில் கிடந்தபடியே மூக்கை உறிஞ்சினான்.

"கராம்பு வாசம் போச்சு," என்றான்.

படுத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம், ரேவதியைத் தவிர.

"என்ர டிஸ்கைத் தாங்கோ"

வெடித்தது பவர் சப்ளை மட்டும்தான். தான் செத்து மற்றவர்களைக் காப்பாற்றியிருந்தது. அதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். அன்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த குகதாசன் மாமாவுக்குப் புகை மட்டும்தான் தெரிந்தது.

"நான் அப்பவே சொன்னனான். இந்தக் கடைசியில கரன்ட் சரியில்லை. இனி அதை எங்கட வீட்டிலயே வையுங்கோ. வேணுமெண்டால் வந்து பாருங்கோ, ஆர் வேண்டாமெண்டது?"

கோகுலன் வாயைத் திறக்கவில்லை. சுவிச்சைத் தட்டியது யாரென்று ரேவதியும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பள்ளி விட்டு வரும்போது வாய்க்கால் கதவடியில் எங்களை நிற்கச் சொன்னாள். முகம் கழுவித் துடைத்தது போல இருந்தது.

"என்ர டிஸ்கைக் கழட்டித் தாங்கோ."

"ஏன்டி?" என்றேன். "வேற பவர் சப்ளை தேடலாம்தானே?"

"தேடுங்கோ. தேடிக் கோகுலன் வீட்டில வைச்சு விளையாடுங்கோ. என்ர டிஸ்க் எனக்கு வேணும்."

"நீயும் எங்கட வீட்ட வரலாம்தானே," என்றான் கோகுலன். "அப்பாதான் வரச்சொன்னவரே."

ரேவதி அவனைப் பார்த்தாள். "எங்கட அப்பா உங்கட தோட்டத்தில மண்வெட்டியோட நிக்கேக்க, நான் உங்கட விறாந்தையில கதிரையில இருந்து மவுஸ் பிடிக்கவோ? நீ எண்டாச் செய்வியா?"

கோகுலன் வாய்க்காலுக்குள் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை, வெடித்த சேறு மட்டும்தான்.

டிஸ்க் போனால் கணினி போகும், அது பெரிய விசயமில்லை. ரேவதி போய்விடுவாள். நாலு பேர் மூன்று பேராகி, பிறகு பாதையில் கண்டால் தலையாட்டுகிற ஆட்களாகிவிடுவோம்.

துசிதான் பேசினான். எங்களில் சின்னவன், வழக்குகளில் பெரியவன்.

"அக்கா, உங்கட முறை இன்னும் முடியேல்லையே."

"என்ன?"

"போன போகம் எங்கட முறையில வாய்க்கால் உடைச்சதெல்லோ? அடைச்ச பிறகு மிச்ச நாளை எங்களுக்குத் தந்தவை. உடைச்சா முறை முடியாது, நிக்கும். அப்ப இப்ப முறை நிக்குது. முறை உங்கடதா இருக்கேக்க மற்றவை எப்பிடிக் கொண்டு போறது?"

"அந்தச் சட்டம் ஆர் போட்டது?" என்றேன், பதில் தெரிந்துகொண்டே.

"எங்கட அப்பா," என்றான் கோகுலன். அவன் சைக்கிளைத் திருப்பினான். "வாங்கோ. நான் சொல்லுறன்."

மாமாவும் பல்பும்

குகதாசன் மாமா முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். கோகுலன் சைக்கிளை ஸ்ராண்டில் விடக்கூட இல்லை.

"அப்பா, அந்தச் சிவப்புச் சுவிச்சைத் தட்டினது நான்."

"எந்தச் சுவிச்?"

விளங்கப்படுத்தினான். குறைந்த கரன்ட்டுக்கு ஏற்றமாதிரிப் பெட்டியை மாற்றி வைத்ததையும், அப்படி வைத்த பெட்டிக்குள் முழுக் கரன்ட் பாய்ந்ததையும். மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப திடீரெண்டு கரன்ட் ஏன் கூடினது?"

"நீங்கள் மோட்டரை நிப்பாட்டினதால," என்றான் கோகுலன். "ரெண்டும் ஒரே கம்பத்துக் கரன்ட், மோட்டர் நிண்டதும்தான் பல்ப் பளிச்செண்டது."

"விசர்க்கதை கதையாத. தோட்டத்தில ஓடுற என்ர மோட்டர், அங்கால வீட்டுக்குள்ள இருக்கிற பெட்டியை வெடிக்க வைக்குமோ?"

"வந்து பாருங்கோ மாமா," என்றாள் ரேவதி. அவள் அந்த முற்றத்தில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அன்று பின்னேரமே வந்தார். ஒவ்வொரு நாளும் அந்த வேலிக்கு அப்பால் நின்று இறைத்த மனிதர், வேலிக்கு இப்பால் வந்தது அதுதான் முதல் தடவை. ரேவதியின் அம்மா கதிரை போட்டார். மாமா இருக்கவில்லை. பல்புக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கோகுலன் தோட்டத்துக்குள் மோட்டர்ச் சுவிச்சடியில். ரேவதி வாசலில் நின்று கட்டளையிட்டாள்.

"வேற ஒண்டையும் தொடாதைங்கோ. மோட்டரை மட்டும். போடு!"

மோட்டர் உறுமியது. பல்ப் சிவந்து சுருங்கியது.

"நிப்பாட்டு!"

பளிச்.

மாமா வாசலுக்கு வந்து தானே கத்தினார். "டேய், போடு!" உள்ளே ஓடினார். சிவப்பு. "நிப்பாட்டு!" வெள்ளை. "போடு! நிப்பாட்டு! போடடா!" உள்ளே போவதும் வாசலுக்கு வருவதுமாக, சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயது மனிதர் ஓடிய ஓட்டத்தில் துசி என் தோளைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். அப்பாலிருந்து கோகுலன், "அப்பா, மோட்டர் எரியப்போகுது!" என்று கத்திய பிறகுதான் நின்றார்.

மூச்சு வாங்கியபடி ரேவதியின் அம்மாவைப் பார்த்தார்.

"பிள்ளை, இவ்வளவு காலமும் அந்தியில இந்த வெளிச்சத்திலயோ இருந்தனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நாங்க பல்பு பழசுன்னு நெனச்சோங்க," என்றார் அவர். "ரெண்டு மூணு தரம் மாத்திக்கூடப் பாத்தோம்."

மாமா இன்னொரு தரம் பல்பைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, முறையைப் பற்றியோ கணினியைப் பற்றியோ ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

நின்ற முறை

கல்வி நிலையத்து மாஸ்டர் வெடித்த பெட்டியை மணந்து பார்த்துவிட்டு, குவியலைக் காட்டி, "இன்னொண்டு எடுங்கோ, இதையும் வெடிக்க வைச்சா மணத்தைச் சொல்லுங்கோ," என்றார். புதிதாக எடுத்ததிலும் சிவப்புச் சுவிச் இருந்தது. பெட்டியில் பூட்டுவதற்கு முன்பே ரேவதி அதன்மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை ஒட்டிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவள் வீட்டில் கூடினோம். எங்கள் திட்டம் எளிமையானது. மாமா இறைக்க வரும்வரை ஓட்டுவது. அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஒழுங்காக அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றுவது. கடைசி வீட்டுக்குக் கிடைக்கிற கரன்ட் அவ்வளவுதான், கிடைக்கிற நேரத்தில் செய்வோம் என்றாள் ரேவதி. சொன்னபோது அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சுவிச்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. நின்றுவிடவில்லை. அவளுடைய டிஸ்க் உள்ளே 'கிர்ர், கிர்ர்' என்று கச்சான் உடைக்கிற சத்தத்தோடு தேடத் தொடங்கியது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அந்தத் தவணைதான், கட்டளைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் படங்களை அசைய வைக்கப் பழக்கியிருந்தார்கள். பள்ளியில் ஆறு பேருக்கு ஒரு கணினி. ரேவதியின் கை மவுஸுக்கு எட்டுமுன் மணி அடித்துவிடும். இப்போது அவள் ஒரு வயலை வரைந்தாள். அதன்மேல் ஒரு வெள்ளைக் கொக்கு. கொக்கு திரையின் ஒரு பக்கத்தில் கிளம்பி மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

கொக்கு கேட்கவில்லை. கிளம்பியது, நடு வயலில் நின்றது. இரண்டாம் தரம் தலைகீழாகப் பறந்தது. மூன்றாம் தரம் ஒரே இடத்தில் நின்று செட்டையை மட்டும் அடித்தது.

"உனக்குக் கொக்கு வராது, கோழி விடு," என்றான் கோகுலன்.

"வாயை மூடு. ஒண்டை மட்டும் மாத்துறன்."

ஒன்றை மாற்றினாள். பார்த்தாள். பழையபடி வைத்தாள். அடுத்ததை மாற்றினாள். அவளுடைய அம்மா அரிசி புடைக்கிற சுளகை மடியில் வைத்துக்கொண்டு, புடைக்காமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா புள்ள, அது நிக்கிதே? பாவம், வெரட்டு அதை!"

வெயில் சாய்ந்து நிலைக்குள்ளால் உள்ளே வந்தது. கொக்கு முக்கால் தூரம் போய் நின்றது.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

ரேவதி உதட்டைக் கடித்துக்கொண்டு, அணைக்கிற இடத்துக்கு மவுஸைக் கொண்டுபோனாள். துசி பிளக்கடிக்குப் போய்க் குந்தினான். தோட்டத்துப் படலை திறக்கும் சத்தம். கிணற்றடிக்கு நடக்கும் செருப்புச் சத்தம். அந்தச் சத்தம் மோட்டரடியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. வேலிப்பக்கமாக வந்தது.

கிடுகு வேலிக்கு மேலால் குகதாசன் மாமாவின் தலை தெரிந்தது. தோளில் மண்வெட்டி.

"பிள்ளை ரேவதி!"

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். "ஓம் மாமா?"

"உன்ர முறைதானே இண்டைக்கு?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மோட்டரைப் போடட்டோ?"

ரேவதி திரும்பி எங்களைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் கச்சான் கன்றுகள் தண்ணீருக்காக வாடி நின்றன.

"இன்னும் கொஞ்ச நேரம் மாமா," என்றாள். "கொக்கு இன்னும் அங்கால போய்ச் சேரேல்ல."

என்ன கொக்கு, எங்கே போகிறது என்று மாமா கேட்கவில்லை. மண்வெட்டியை வேலியில் சாத்தினார். சாரத்தை ஒதுக்கி வரம்பில் குந்தினார்.

"அப்ப போய்ச் சேரட்டும்," என்றார். "அவசரமில்லை, ஆறுதலாச் செய்."